ராட்டைப் படம்

வீரமுத்து வீட்டில் பெண்கள் இரண்டு பேர், சேலை ஒன்று.

ஜப்பான்காரன் கணக்கில் அது 2604ஆம் வருஷம். பழைய கணக்கில் 1944. செண்டாயான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பது நின்று, மரத்துக்கு நடுவே மரவள்ளியும் கேழ்வரகும் போட்டிருந்தார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நின்றவருக்குத்தான் அன்றைய அரிசி. ஆகவே திங்கட்கிழமை வீரமுத்துவின் மனைவி தாயம்மா சேலையைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். செவ்வாய்க்கிழமை அவனுடைய அக்கா மங்கம்மா போவாள். போகாதவள் கதவைச் சாத்திக்கொண்டு, கோணிச் சாக்கைச் சுற்றியபடி உள்ளே இருப்பாள். மங்கம்மாவின் புருஷன் சயாம் ரயில் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய வேட்டிகூட வீட்டில் மிச்சமில்லை.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தபோதுதான் தோட்டக் குமாஸ்தாவான கிராணி நல்லசாமி புது உத்தரவைப் படித்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, வாரத்தில் ஆறு நாளும் பெரட்டில் நிற்காதவர் பெயர் அரிசிப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பாதி நாள் வந்தவருக்குப் பாதி அரிசி என்ற பேச்சே இல்லை. அதாவது முதல் தேதிக்குள் இரண்டாவது சேலை வராவிட்டால், தாயம்மாவோ மங்கம்மாவோ, இருவரில் ஒருத்தியின் பெயர் போய்விடும். கையில் இருபத்தாறு நாள்.

துணி இல்லாமல் இல்லை. டவுசருக்கு மாறியபின் வீரமுத்து கட்டாமல் வைத்திருந்த இரண்டு வேட்டிகளும் நடுவில் நைந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தாலும், கரையோரங்கள் திடமாகவே இருந்தன. தாயம்மா அந்த ஓரங்களை எட்டுத் துண்டுகளாக வெட்டித் தரையில் பரப்பிப் பார்த்தாள். சேர்த்துத் தைத்தால் ஒரு சேலை தேறும். ஊசியும் இருந்தது. நூல்தான் இல்லை. கோணிச் சாக்கின் சணல் முரடு. பழைய துணியில் அதைக் கோத்து இழுத்தால் ஓட்டை வழியே துணி கிழிந்துகொண்டே வரும். அன்னாசி நாரும் அப்படித்தான், கம்பி மாதிரி வெட்டும். துணியிலிருந்தே இழை உருவலாம் என்றால் அது தொட்டால் பொடியும் துணி.

வீரமுத்து தொழிற்சாலையில் இஞ்சின் டிரைவராக இருந்தவன். டீசல் தீர்ந்து இஞ்சின் நின்றுபோன பிறகும், அதைத் துடைக்கப் பயன்படும் வேஸ்டு ஒரு மூட்டை அவனிடம் மிஞ்சியிருந்தது. வேஸ்டு என்பது மில்லில் கழித்துப் போடும் பருத்தி நூல் துணுக்குகள்; ஒரு சாண், அரைச் சாண் நீளத்தில் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அதைப் பிரித்துப் பிரித்து எடுத்தால் மறுபடி பஞ்சாகும். பஞ்சு கிடைத்தால் நூல் கிடைக்கும். நூல் எப்படி வரும் என்பதும் தனக்குத் தெரியும் என்று வீரமுத்து சொன்னான். ராட்டை வேண்டும்.

தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் எழுபது வீடுகள். அத்தனை பேருக்கும் பூர்வீகம் நெல் விளையும் ஊர்கள். ராட்டையை நேரில் கண்டவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் எழுபது வீட்டுக்காரர்களும் ராட்டையைப் பார்த்திருந்தார்கள். சண்டைக்கு முன்னால், 1938இல், ஊர் ஊராகப் போகும் சினிமா கம்பெனி ஒன்று தோட்டத்துத் திடலில் துணி கட்டி ஒரு பேசும் படம் காட்டியது. அதில் ஏழைப் பெண்ணொருத்தி ராட்டை முன் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டே பாடுவாள். படத்தின் பெயர் மறந்துபோய், லயத்தில் எல்லாருக்கும் அது ராட்டைப் படம் ஆகிவிட்டது. அன்று கம்பெனியின் இஞ்சின் மக்கர் பண்ண, வீரமுத்துதான் அதைச் சரிசெய்து படம் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினான். அன்றிலிருந்து ஆறு வருஷமாக, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த ராட்டை வேலை செய்யும் விதத்தை விளக்கிக்கொண்டிருப்பவன் அவன்.

அந்த ஞாபகத்திலிருந்துதான் ராட்டையைச் செய்தான். பெரிய சக்கரத்துக்கு டயரில்லாத சைக்கிள் சக்கரம். கதிருக்கு ஒரு குடைக்கம்பி, முனையைத் தீட்டியது. இரண்டையும் இணைக்க ரப்பர் ஷீட்டிலிருந்து வெட்டிய மெல்லிய வார். பெரிய சக்கரம் ஒரு தடவை சுற்றினால் குடைக்கம்பி எண்பது தடவை சுற்றும். அதை அவன் சுண்ணாம்புப் பொட்டு வைத்து எண்ணியே பார்த்திருந்தான். பஞ்சின் நுனியைக் கதிர் முனையில் ஒட்டவைத்து, கையைச் சாய்வாகப் பின்னுக்கு இழுத்தபடி சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கதிர் சுற்றும் ஒவ்வொரு தடவையும் இழை முனையிலிருந்து நழுவி விழும். விழும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு ஏறிய பஞ்சுதான் நூல்.

அதுவரை எல்லாம் நடந்தது. பஞ்சு முறுகியது, ஒரு கை நீளத்துக்கு இழை வந்தது. அதற்கு மேல் கை போகாது. வந்த இழையைக் கதிரில் சுற்றிவிட்டால்தானே அடுத்த இழையை இழுக்க முடியும்? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் கெட்டது. கையை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் முனையில் சிக்கு விழுந்து இழை அறுந்தது. சுற்றாமல் கையாலேயே கழற்றினால் பன்றி வால்போல் சுருண்டது. சுருளை நீவினால் முறுக்கு அவிழ்ந்து பஞ்சாகியது. தையல் நூலுக்கு ஒற்றை இழை நிற்காது என்பதால் இரண்டு கதிர் இழையைச் சுற்றிவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். இங்கே ஒரு கதிருக்கே வழியில்லை.

ஒன்பது நாள் இப்படிப் போனது. தாயம்மா அறுந்த இழைகளை ஒரு சிரட்டையில் சேர்த்துவைத்தாள்.

"விளக்குத் திரிக்கு ஆகும்" என்றாள்.

"படத்துல அது பாட்டுக்கு ஓடிச்சு" என்றான் வீரமுத்து. "அவ பாடுறா, கை மேல போகுது, கீழ வருது, மேல போகுது. ஒரு தடவைகூட அறுந்ததில்ல."

"அவளைக் கூட்டியாங்க. நீங்க எந்திரிச்சுக்கலாம்."

பத்தாம் நாள், அந்தப் பழைய சினிமா கம்பெனியில் மெஷின் ஓட்டிய மணியம், மரவள்ளி வாங்க, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தான். கம்பெனி கலைந்து, இப்போது அவன் ரஹாங் ஊரில் ஒரு மரக்கொட்டகையில் படம் ஓட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்கப் படம், வெள்ளைக்காரன் படம் எதுவும் காட்டக் கூடாது என்பதால், பெட்டியில் கிடக்கும் பழைய தமிழ்ப் படங்களையே மாற்றி மாற்றிப் போடுவதாகச் சொன்னான். மறுநாள் ராட்டைப் படம்தானாம்.

வீரமுத்துவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஆண்கள் அப்போதெல்லாம் சினிமாவுக்குப் போகப் பயந்தார்கள். ஓசிப் படம் என்று கூட்டிவைத்து, கதவை அடைத்து லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிய கதைகள் தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தன. இது பகல் காட்சி, டிக்கெட் உண்டு, லாரி வராது என்று மணியம் சத்தியம் செய்தான். மங்கம்மா தானும் வருவேன் என்றாள். மறுநாள் சேலை அவள் முறை; பெரட்டில் நிற்காததால் இருவருக்கும் ஒரு நாள் அரிசி போகும். போனாலும் பரவாயில்லை, ஒரு ஜோடிக் கண்ணுக்கு இரண்டு ஜோடிக் கண் பார்த்தால் நல்லது என்று தாயம்மாவே அனுப்பிவைத்தாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "பாட்டை ரசிச்சுக்கிட்டு ஒக்காந்துடாதீங்க. கையைப் பாருங்க."

இருவரும் விடியலில் கிளம்பி நடந்தார்கள்.

கொட்டகைக்குள் நூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் பெண்கள். தோட்டத்துப் பெண்கள் சிலர் ரப்பர் ஷீட்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள், உட்காரும்போது அது சத்தம் போட்டது. வீரமுத்து வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான். மெஷின் விளக்குக்குக் கரிக்குச்சி கிடைக்காததால், டார்ச் பேட்டரிகளை உடைத்து அதிலிருக்கும் குச்சிகளை வைத்து ஒப்பேற்றுவதாக மணியம் சொல்லியிருந்தான். படம் ஆரம்பித்ததுமே அது தெரிந்தது. வெளிச்சம் பளிச்சென்று வந்து, மங்கி, திரும்ப வந்தது. ஆட்களின் முகமெல்லாம் மழை பெய்வதுபோல் கோடுகள்.

முதல் கால் மணிக்குள்ளேயே வீரமுத்துவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இதுவா அந்தப் படம்? மிராசுதாரின் மாளிகை தகரத்துக்குச் சாயம் பூசியதுபோல் இருந்தது. கதாநாயகன் கதவைச் சாத்தியதும் சுவரே ஆடியது. ஒரே இடத்தில் நின்று நீட்டி நீட்டிப் பேசினார்கள். அன்று திடலில் உட்கார்ந்தபோது இவனுக்கு மயிர்க்கூச்செறிந்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் போயின.

ஆனால் மற்றவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மங்கம்மா உதட்டுக்குள் எண்ணுவது கேட்டது.

"என்னாக்கா எண்ணுற?"

"சேலை. ஏழைன்னு சொல்றானுங்க தம்பி. இதோட ஆறு மாத்திட்டா."

பிறகு விருந்துக் காட்சி வந்தது. மிராசுதார் வீட்டுச் சமையல்காரன் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, படியில் வழுக்கி, அத்தனை சோற்றையும் கோவிலில் அபிஷேகம் செய்வதுபோல் தன் தலையிலேயே கொட்டிக்கொள்வான். 1938இல் திடல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை என்பது வீரமுத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்று சோறு கொட்டியபோது கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெள்ளைச் சோறு படிகளில் சரிந்து கிடந்தது. சமையல்காரன் அதன்மேல் நடந்தான். பின்வரிசையில் ஒரு பெண், "மிதிக்காதடா பாவி" என்றாள், மெதுவாக, திட்டுவதுபோல் அல்ல, கெஞ்சுவதுபோல்.

அதற்கடுத்துத்தான் ராட்டைப் பாட்டு. வீரமுத்து முன்னால் குனிந்தான்.

கதாநாயகி உட்கார்ந்தாள். சக்கரம் அவளுக்கு வலது பக்கம் இருந்தது. வலது கையால் சுற்றினாள், இடது கையால் இழுத்தாள். வீரமுத்து மங்கம்மா பக்கம் திரும்பினான்.

"அக்கா, இவ இடது கையாலதானே சுத்துவா?"

"எப்பயும் வலதுதான்."

"இல்ல, நான் பாத்தேன். இடது."

"நீ எங்கேருந்து பாத்த? திரைக்குப் பின்னாடி, இஞ்சின்கிட்ட. நாங்கல்லாம் முன்னாடி ஒக்காந்திருந்தோம்."

துணித்திரையில் விழும் படம் பின்பக்கமும் தெரியும். ஆனால் இடது வலமாக, வலது இடமாக. ஆறு வருஷமாக அவன் மனதில் வைத்திருந்தது கண்ணாடிக்குள் தெரியும் ராட்டை. ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. கோளாறு இதுதான், ராட்டையைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. ஆனால் பாட்டின் முதல் அடி முடிவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. இஞ்சினோடு பழகியவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. பல்சக்கரத்தைக் கண்ணாடியில் பார்த்து, பார்த்தபடியே செய்தாலும் அது ஓடத்தான் ஓடும். எல்லாமே திரும்பியிருக்கும்போது எதுவும் திரும்பவில்லை என்றுதான் அர்த்தம். இழை அறுவதற்குக் காரணம் இடமும் அல்ல, வலமும் அல்ல.

இப்படி யோசித்த நேரத்தில் பாட்டு பாதி முடிந்துவிட்டது. பத்து நிமிஷம் ஓடும் என்று அவன் நினைத்திருந்த பாட்டு மூன்று நிமிஷம்கூட இல்லை. அதிலும் ராட்டை தெரிந்தது கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் அவள் முகம், ஜன்னல், ஜன்னலில் ஒரு புறா. கை மேலே போனது. புறா. கை மறுபடி மேலே போனது. அவ்வளவுதான், அடுத்த காட்சி.

வீரமுத்து எழுந்து, குனிந்தபடி ஓடி, மெஷின் அறைக் கதவைத் தள்ளினான். அந்த இடத்தைத் திரும்பப் போட்டு, படத்தை நிறுத்திக் காட்டச் சொன்னான்.

மணியம் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிறுத்துறதா? அண்ணே, இது சினிமா பிலிம், வெடிமருந்துக்குத் தம்பி முறை. ஓடிக்கிட்டே இருக்கறதாலதான் விளக்குச் சூடு தாங்குது. ரெண்டு எண்ணி முடிக்கறதுக்குள்ள நின்னா பத்திக்கும். கொட்டகையும் போயிரும், நம்மளும் போயிருவோம் லா. படம் முடியட்டும், கையில எடுத்துக் காட்டுறேன்."

மீதிப் படம் முழுவதும் வீரமுத்து அந்த அறை வாசலிலேயே நின்றான். என்ன ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. முடிவில் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. மங்கம்மாவும் அழுதிருந்தாள், அது பிறகு பார்த்தபோது தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் மணியம் அந்தச் சுருளை எடுத்து, ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்தான். பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தபால்தலை அளவுப் படங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நூல் கனம்தான் வித்தியாசம்; வேகமாக ஓடும்போது அந்த வித்தியாசங்கள் சேர்ந்து அசைவாகின்றன. வீரமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. முழுதாக மேலே போனது. அடுத்த படத்தில் புறா இருந்தது. புறா முடிந்த அடுத்த படத்தில் கை கீழே, கதிருக்குப் பக்கத்தில், புதிதாகத் தொடங்க நின்றது. மேலே போன கை எப்படிக் கீழே வந்தது, நீண்ட இழை எங்கே போனது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

ஆறு வருஷம் பொறுத்தவனுக்கு இப்போது பொறுமை போய்விட்டது. பிலிம் அறுந்தபோதெல்லாம் வெட்டி எறிந்து ஒட்டியது மணியம்தான், தனக்கு வேண்டிய துண்டை அவன்தான் குப்பையில் போட்டிருக்கிறான் என்று கத்தினான். மணியத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவன் சுருளைக் கொஞ்சம் தள்ளி, வேறொரு இடத்தைக் காட்டினான். அங்கே பிலிமின் குறுக்கே ஒரு தடிப்பு இருந்தது, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

"இது நான் ஒட்டினது. பசை வச்சா தடிக்கும். இப்ப உங்க புறா இருக்கிற எடத்தைத் தடவிப் பாருங்க."

தடவினான். வழவழவென்று இருந்தது.

"அது மதராஸ்லயே அப்படித்தான் வந்திச்சு" என்றான் மணியம். "பாட்டுக்கு நடுவுல அவ நூலைச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தா யாரு பாப்பா? வெட்டிட்டு புறாவைப் போட்டுட்டானுங்க. நீங்க பாத்த படத்துலயும் அது இல்ல."

வீரமுத்து இன்னொரு முறை பிலிமை வெளிச்சத்தில் பிடித்தான். அப்போதுதான் கதிரைக் கவனித்தான். பாட்டின் தொடக்கத்தில் கதிரில் எலுமிச்சங்காய் அளவு நூலுண்டை இருந்தது. பாட்டின் கடைசிப் படத்திலும் அதே எலுமிச்சங்காய். அவ்வளவு பாட்டுக்கும் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. யாரோ சுற்றிக் கொடுத்த உண்டையை மாட்டிவைத்து, அவள் சும்மா கையை ஆட்டியிருக்கிறாள்.

"நூக்கவே இல்ல" என்றான். "இவ நூக்கவே இல்லய்யா. இதை நம்பி நான் பத்து நாளா பஞ்சை நாசமாக்கிக்கிட்டு இருந்தேன்."

"அவ நடிக்க வந்தவ அண்ணே. நூக்கறதுக்கா சம்பளம் குடுத்தானுங்க?"

வீரமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு நாள் அரிசி போயிற்று. வீட்டில் ஒருத்தி சாக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். போய் என்ன சொல்வது?

மணியம் தன் வேலையைப் பார்த்தான். ஓடி முடிந்த பிலிமின் தலை சுருளின் உள்ளே, வால் வெளியே இருக்கும். அடுத்த காட்சிக்கு முன் அதை வேறு சுருளில் திருப்பிச் சுற்ற வேண்டும். மேசையில் இரண்டு அச்சுகள், ஒன்றில் கைப்பிடி. நிறைந்த சுருளை ஒன்றில் மாட்டினான். வால் நுனி இறுகி, மேல் சுற்றுக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்து இழுக்கவில்லை. சுருளைப் பின்பக்கமாக அரைச் சுற்று தள்ளினான். நுனி தானாகத் தளர்ந்து வெளியே வந்தது. அதை எடுத்துக் காலிச் சுருளின் நடுவிலுள்ள குடத்துக்கு நேர் எதிரே கொண்டுபோய்க் கோத்து, கைப்பிடியைச் சுற்றினான். வரிசை வரிசையாக ஏறியது.

"திரும்பச் செய்" என்றான் வீரமுத்து.

"எதை?"

"பின்னால தள்ளினியே, அதை."

மணியம் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நிறுத்தி, மறுபடி செய்து காட்டினான். அரைச் சுற்று பின்னால். நுனி தளர்வு. நேர் எதிரே பிடிப்பு. பிறகு முன்னால்.

வீரமுத்து எழுந்து நின்றான். முறுக்கும்போது இழை கதிர் முனையில் சாய்வாக இருக்கிறது. முனைக்கு ஏறிவர அது கதிரை நாலைந்து வளையம் சுற்றியிருக்கும். அந்த வளையங்களைக் கழற்றாமல் கையை இறக்கினால் சிக்கும், சிக்கினால் அறும். முதலில் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் சுற்றினால் வளையம் கழன்றுவிடும். அப்புறம் இழையைக் கதிருக்கு நேர் எதிரே, சாய்க்காமல் பிடித்தால், முனையிலிருந்து நழுவ வழியில்லை; சுற்றித்தான் ஏற வேண்டும். சாய்த்தால் முறுக்கு, நேராகப் பிடித்தால் சுற்று. நடுவில் சக்கரம் ஒரு துளி பின்னால். இவ்வளவுதான். புறா உட்கார்ந்திருந்த இடம் இவ்வளவுதான்.

திரும்பி வரும் வழி முழுக்க அவன் இதை மங்கம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தான். வெறும் விரலைக் கதிராக்கி, அருகம்புல்லை இழையாக்கி, நடுரோட்டில் நின்று சுற்றிக் காட்டினான். மங்கம்மாவுக்கு நடை தளர்ந்துபோயிருந்தது.

"பதினொண்ணு தம்பி" என்றாள் கடைசியில்.

"என்னா பதினொண்ணு?"

"சேலை. அப்ப எனக்கு ஒண்ணுகூட நெனப்பில நிக்கல. அவ அழுததுதான் நின்னிச்சு. இப்ப அழுகை வர்றதுக்கு முந்தி சேலைதான் தெரியுது. நல்ல படத்தை நாசம் பண்ணிட்டானுங்க."

யார் என்று அவன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ராட்டை முன் உட்கார்ந்தான். பஞ்சை ஒட்டினான், சாய்த்து இழுத்தான். கை நீளத்துக்கு வந்ததும் நிறுத்தி, சக்கரத்தைப் பின்னால் தள்ளினான். அதிகமாகத் தள்ளிவிட்டான் போல. இழை தொய்ந்து சுருண்டது. இரண்டாவது தடவை அளவாகத் தள்ளினான். முனையிலிருந்த வளையங்கள் கழன்றன. கையை நேர் எதிரே கொண்டுவந்து முன்னால் சுற்றினான். அந்தக் கை நீள இழை, முண்டும் முடிச்சுமாக, கதிரின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

தாயம்மா சாக்கை இழுத்துப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். நாலு தடவை இழுத்தாள், நாலும் அறுந்தது.

"இடது கையால சுத்த வரலைங்க. சக்கரம் குதிக்குது. வலது பக்கமா மாத்திக் குடுங்க."

கண்ணாடியில் தெரியும் சக்கரத்தை அப்படியே செய்தாலும் அது சரியாகத்தான் ஓடும் என்பதை வீரமுத்து பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். இடதும் வலதும் சேர்ந்தே மாறும்போது கணக்கில் ஒன்றும் குறையாது என்றான்.

"சக்கரத்துக்குக் குறையாதுங்க" என்றாள் தாயம்மா. "என் கை கண்ணாடிக்குள்ளயா இருக்கு?"

மறுநாள் முழுவதும், ஆணிகளைப் பிடுங்கி, நிமிர்த்தி, அந்த ராட்டையைத் திருப்பிப் போடுவதிலேயே போயிற்று. 

மிச்சமிருந்த பதினான்கு நாளும் ராட்டை நிற்கவில்லை. யார் கதவுக்குப் பின்னால் இருந்தார்களோ அவர்கள் நூற்றார்கள். பிறகு இரண்டு இழையை ஒன்றாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கினார்கள். ஊசிக் காதில் ஏறாத முண்டுகளை வீரமுத்து சிரட்டைச் சில்லால் தேய்த்து மெலிய வைத்தான். நூல் எண்ணெய் வாடை அடித்தது. இஞ்சின் வேஸ்டு அல்லவா? நடுநடுவே அவன் அந்தப் படத்தைத் திட்டினான். ஒரு நாள் தாயம்மா கேட்டாள், பாட்டாவது பழையபடி நன்றாக இருந்ததா என்று. அவன் யோசித்துப் பார்த்தான். கையையும் கதிரையும் பார்த்ததில் பாட்டு காதில் விழவே இல்லை. அதற்கும் அந்தப் படத்தின்மேல்தான் கோபம் வந்தது.

முதல் தேதி காலை கிராணி நல்லசாமி பட்டியலை விரித்தார். மங்கம்மா என்று கூப்பிட்டார். பழைய சேலையில் மங்கம்மா நின்றாள். பத்துப் பெயர் தள்ளி, தாயம்மா என்று கூப்பிட்டு, தலையைத் தூக்காமலே, பெயரை அடிக்கப் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"இருக்கேன்" என்று குரல் வந்தது.

அவர் நிமிர்ந்தார். வேட்டிக் கரைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு சேலையில் அவள் நின்றாள். தையல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நரம்புபோல் புடைத்துக்கொண்டிருந்தது. நல்லசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தாயம்மா இது, எத்தனை துண்டு?"

"எட்டு கிராணி. வேணும்னா எண்ணிக்குங்க. அரிசியில மட்டும் துண்டு போட்டுடாதீங்க."

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நல்லசாமி பென்சிலை அவள் பெயருக்கு மேலிருந்து எடுத்து, அடுத்த பெயருக்குக் கொண்டுபோனார்.

ஆண்கள் வரிசையில் நின்ற வீரமுத்து அந்தத் தையல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது தோள் பக்கம் ஓர் இடத்தில் நூல் மெலிந்து, முறுக்கு தளர்ந்திருந்தது. அந்த இடத்தில் சக்கரம் தேவைக்கு மேல் பின்னால் போயிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.